கரடிக்கு எந்தத் துப்பாக்கி மாப்ள?

சனிக்கிழமை ராத்திரி திருப்பூர்ல இருந்திருக்கீங்களா? வாரச் சம்பளம் கைக்கு வந்திருக்கும். பரோட்டாக் கடைகள்ல கல்லுச் சத்தம் காதைக் கிழிக்கும். அப்படி ஒரு கடையிலதான் எங்க செட் உட்கார்ந்து ஞாயித்துக்கிழமை பிளான் போட்டுச்சு. சினிமா போரடிச்சுப் போச்சு. "காட்டுக்குப் போலாம்டா!"

உடனே ஒருத்தன் கேட்டான். "உடுமலைக் காட்டுல கரடி இருக்குமே... கைத்துப்பாக்கி ஒண்ணு இருந்தா சேஃப். கரடிக்கு எது மாப்ள கரெக்ட், ரிவால்வரா பிஸ்டலா?" இன்னொருத்தன் குரலைத் தாழ்த்தி, "எனக்குத் தெரிஞ்ச ஒருத்தர்கிட்ட நாட்டுத் துப்பாக்கி இருக்கு. ரெண்டு நாளைக்குத் தருவாரு"ன்னான். யாரும் சிரிக்கலை. பையன் சீரியஸாவே சொன்னான்.

இன்ஜினீயரிங் படிக்கிற நமக்கு எதையும் ஸ்பெசிஃபிகேஷன் பார்த்து வாங்கித்தானே பழக்கம்? சரி, கரடிக்கு எந்தத் துப்பாக்கின்னு விசாரிக்கக் கிளம்பிட்டேன்.

முதல் பல்ப் சட்டத்துகிட்ட வாங்கினேன். ஆயுதச் சட்டம் 1959-ன்படி துப்பாக்கி லைசென்ஸ் வாங்க 21 வயசு முடிஞ்சிருக்கணும். எனக்கு 20. எங்க செட்ல யாருக்கும் 21 ஆகலை. ஆனாலும் சும்மா கிடைச்சிடாது. 9 எம்.எம்., .38, .45 மாதிரி சினிமாவுல ஹீரோ வெச்சிருக்கிற ரகமெல்லாம் பொதுமக்களுக்குத் தடை செய்யப்பட்ட ரகம். லைசென்ஸ் உள்ளவங்க பெரும்பாலும் வாங்கறது கான்பூர் அரசுத் தொழிற்சாலையோட .32 ரிவால்வர். அலாஸ்காவுல கரடிக்குப் பயந்து இடுப்புல .44 மேக்னம் கட்டிக்கிட்டுப் போறாங்க. அதுக்கு முன்னாடி இந்த .32 பொடியன். லைசென்ஸ் இல்லாத நாட்டுத் துப்பாக்கியோட மாட்டினா 2019 திருத்தத்துக்கு அப்புறம் குறைந்தது 2 வருஷம், அதிகபட்சம் 5 வருஷம் ஜெயில். அரியர் கிளியர் பண்ணலாம். இதைக் கிளியர் பண்ண முடியாது பாஸ்!

அடுத்தது வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் 1972. நம்ம ஊர்க் கரடி அதுல முதல் அட்டவணையில இருக்கு. புலி, யானையோட ஒரே வரிசை! வேட்டையாடினா 3 முதல் 7 வருஷம். அனுமதி இல்லாம ஆயுதத்தோட சரணாலயத்துக்குள்ள கால் வைக்கிறதே குற்றம். "உயிரைக் காப்பாத்திக்கச் சுட்டா?"ன்னு கேட்பீங்க. தற்காப்புக்குச் சட்டத்துல விலக்கு உண்டு. ஆனா அந்த நேரத்துல நீங்க அதே சட்டத்தை மீறிக்கிட்டு இருந்தா அந்த விலக்கு கிடையாது. அதாவது, துப்பாக்கியோட திருட்டுத்தனமா உள்ளே போனா, நிஜமாவே கரடி துரத்தினாலும் கேஸ் உங்க மேலதான்!

ஓவர்லாக் அண்ணன் சொன்னது

சட்டத்தை விடுங்க, துப்பாக்கி வேலைக்காவது ஆகுமா? அதுக்குப் பதில் எங்க தெருவுல இருக்கிற ஒரு பனியன் கம்பெனியிலேயே கிடைச்சது. ஓவர்லாக் தைக்கிற அண்ணன் ஒருத்தர். தேனிப் பக்கம் மலையடிவாரத்துக்காரர். இடது கன்னத்துலேர்ந்து காது வரைக்கும் தையல் போட்ட தழும்பு. ஏதோ அடிதடின்னுதான் இத்தனை நாளா நெனச்சிருந்தேன். டீ பிரேக்ல தயங்கித் தயங்கிக் கேட்டேன்.

"கரடி தம்பி. விறகுக்குப் போனப்ப. கையில அருவா இருந்துச்சு. இல்லேன்னு சொல்லலை. ஆனா அதைத் தூக்கணும்னு தோணுறதுக்குள்ள மேல விழுந்துருச்சு. புதருக்கு அந்தப்பக்கம் அது, இந்தப்பக்கம் நான். ரெண்டு பேருமே பாக்கலை. எனக்கு எவ்வளவு பயமோ, அதுக்கும் அவ்வளவு பயம்."

நோட்டை எடுத்துக் கணக்குப் போட்டுப் பார்த்தேன். கரடி மணிக்கு 30 கி.மீ. வேகத்துல வந்தாலே 10 மீட்டர் தூரத்தைக் கடக்க 1.2 விநாடி போதும். அதுக்குள்ள உறையிலேர்ந்து எடுத்து, குறி பார்த்து, கை நடுங்காமச் சுடணும். நமக்கு செல்போன் லாக் எடுக்கவே அதைவிட நேரம் ஆகுது!

இது என் கணக்கு மட்டும் இல்லை. அலாஸ்காவுல 1883 முதல் 2009 வரை கரடியும் துப்பாக்கியும் சந்திச்ச 269 சம்பவங்களை அலசி 2012-ல ஓர் ஆய்வு வந்தது. துப்பாக்கி வெச்சிருந்தவங்கள்ல அதைச் சுட்டவங்க, சுடாதவங்க ரெண்டு தரப்புக்கும் காயம் பட்டதுல பெரிய வித்தியாசமே இல்லைன்னு சொல்லிடுச்சு. 2008-ல வந்த இன்னோர் ஆய்வுல, மிளகாய்க் காரம் அடைச்ச கரடி ஸ்பிரேயைப் பக்கத்துல வந்த கரடி மேல அடிச்சவங்கள்ல 98 சதவிகிதம் பேருக்குக் காயமே இல்லை. அதெல்லாம் அந்த ஊர்க் கரடிங்க. நம்ம கடையில விக்கிற பெப்பர் ஸ்பிரே வேற ரகம். அதனால மிளகாய்ப் பொடிப் பொட்டலத்தோட கிளம்பிடாதீங்க. காத்து திரும்பினா முதல்ல உங்க கண்ணுதான்!

சின்னாறு போலாம் வாங்க

விசாரிச்சது போதும்னு கிளம்பினோம், துப்பாக்கி இல்லாம. திருப்பூர்லேர்ந்து பல்லடம் வழியா உடுமலை. காத்தாடிகளும் தென்னந்தோப்புகளும் ஜன்னலோரமா ஓடும். அங்கே பஸ் மாறி மூணாறு ரோட்டுல போனா ஒன்பதாறு செக்போஸ்ட். அதுக்கு அப்புறம் ஆனைமலை புலிகள் காப்பகம். சாயத்தண்ணியைப் பார்த்து வளர்ந்த நம்ம மாவட்டத்துக்குள்ளதான் இவ்வளவு பெரிய காடும் இருக்குன்னா நம்புவீங்களா?

2018 மார்ச்சுல குரங்கணித் தீயில ட்ரெக்கிங் போனவங்க 20 பேருக்கு மேல இறந்த பிறகு, இஷ்டத்துக்குக் காட்டுக்குள்ள போற கதை முடிஞ்சுது. 2024 அக்டோபர்ல தமிழக அரசு 40 பாதைகளைத் தேர்ந்தெடுத்து ட்ரெக்கிங் திட்டம் ஆரம்பிச்சது. திருப்பூர் மாவட்டத்துக்கு அதுல கிடைச்ச பாதை சின்னாறு செக்போஸ்ட் - கூட்டாறு. ஆன்லைன்ல பதிவு பண்ணிட்டு, வழிகாட்டியோடதான் போக முடியும். காட்டுத்தீ சீஸன்ல மூடிடுவாங்க. அதனால பார்த்துட்டுக் கிளம்புங்க.

ஊட்டி மாதிரி பச்சைப்பசேல்னு எதிர்பார்த்தா ஏமாறுவீங்க. மழை மறைவுப் பகுதி. முள்ளுக்காடு, பாறை, கள்ளி. ஆத்தோரம் மட்டும் மருத மரங்கள் குளுகுளுன்னு நிக்கும். அதுல அரிய சாம்பல் நிற மலை அணில் தாவும். பாம்பாறும் சின்னாறும் கைகோக்கிற இடம் கூட்டாறு. அந்தத் தண்ணிதான் கீழே அமராவதி அணைக்குப் போகுது. முதலை உண்டு, குளிக்க ஆசைப்படாதீங்க!

எங்களுக்கு வந்த வழிகாட்டி அண்ணன் மலைக் கிராமத்துக்காரர். கையில ஒரு மூங்கில் கம்பு மட்டும்தான். நடக்க நடக்க அதைப் பாறையில 'டொக்... டொக்'னு தட்டிக்கிட்டே வந்தார். அடிக்கடி சும்மாவே கனைச்சார். உடைஞ்ச புத்து ஒண்ணைக் காட்டினார். கரடிக்கு மேல்வரிசை நடுவுல ரெண்டு பல் கிடையாதாம். அந்தச் சந்து வழியா கரையானை 'புஸ்... புஸ்'னு உறிஞ்சுமாம். "பார்வை மந்தம், மோப்பம்தான் அதிகம். புத்துல வாய வெச்சிருச்சுன்னா நாம வர்றதே அதுக்குத் தெரியாது. அதான் தட்டுறேன்"னார்.

கொஞ்ச தூரத்துல திடீர்னு கையைத் தூக்கினார். அப்படியே நின்னோம். "ஹோய்... போ சாமி, போ"ன்னு சத்தமா, ஆனா அதட்டாம, ஆளைக் கூப்பிடுற மாதிரி சொன்னார். தள்ளி இருந்த புதர் ஆடிச்சு. கறுப்பா ஒரு முதுகு, சலசலன்னு மேட்டுல ஏறிப் போயிடுச்சு. அவ்வளவுதான். துப்பாக்கி கேட்டவன் என் சட்டையை இறுக்கிப் பிடிச்சிருந்தான். கையில நாட்டுத் துப்பாக்கி இருந்திருந்தா அந்தப் பதற்றத்துல என்ன பண்ணியிருப்பான்? யார் மேல பட்டிருக்கும்? யோசிச்சாலே வயித்தைக் கலக்குது.

2022 நவம்பர்ல தென்காசி மாவட்டம் கடையம் பக்கம் ஒரு கரடி ரோட்டுக்கே வந்து மூணு பேரைக் கடிச்சுக் குதறிச்சு. மயக்க ஊசி போட்டுப் பிடிச்சுக் காட்டுல விட்டாங்க. அந்தக் கரடியும் பிழைக்கலை. சந்திப்பு தப்பாப் போனா ரெண்டு பக்கமும் நஷ்டம்தான்.

மறக்காம நோட் பண்ணிக்கோங்க

* தனியாப் போகாதீங்க. பேசிக்கிட்டே கூட்டமா நடங்க. காதுல இயர்போன் கூடவே கூடாது.
* விடியற்காலையும் பொழுது சாயற நேரமும் கரடியோட ஷிஃப்ட். அப்ப காட்டுல நடமாடாதீங்க.
* நாவல், இலந்தை, கொன்றை பழுக்கிற சீஸன்ல அந்த மரத்தடியில உஷார்.
* தூரத்துல பார்த்தா ஓடாதீங்க. முகத்தை அது பக்கமே வெச்சு மெதுவா பின்வாங்குங்க. முதுகுல குட்டி இருந்தா இன்னும் கவனம்.
* மேல பாய்ஞ்சுட்டா குப்புறப் படுத்து, ரெண்டு கையாலயும் பின்கழுத்தை மூடிக்கோங்க. முகம்தான் முதல்ல காப்பாத்த வேண்டியது.

திங்கட்கிழமை ஓவர்லாக் அண்ணன்கிட்ட இதெல்லாம் சொன்னேன். மெஷினை நிறுத்திட்டுக் கேட்டார். அப்புறம் தழும்பைத் தடவிக்கிட்டே சொன்னார். "அன்னிக்கு ஒரு பாட்டு முணுமுணுத்துக்கிட்டுப் போயிருந்தாக்கூட அது ஒதுங்கிப் போயிருக்கும் தம்பி."

துப்பாக்கி கேட்டவனுக்கு ஒரு மூங்கில் கம்பு வாங்கிக் குடுத்திருக்கோம். அடுத்த ட்ரிப்புக்கு அவன்தான் முன்னாடி நடக்கப் போறான், சுதி சேராத பாட்டோட. அந்தக் குரலுக்கு எந்தக் கரடியும் கிட்ட வராது!