தாத்தாவோடு ஃபைலகா தீவுக்கு

"தீவுக்குப் போகலாமா?" என்று கேட்டால் நம்ம பசங்களுக்கு உடனே மாலத்தீவுதான் ஞாபகத்துக்கு வரும். குவைத்திலேயே ஒன்பது தீவுகள் இருக்குன்னு சொன்னப்போ என் மகள் நம்பவே இல்லை. அவளுக்குப் பதிமூணு வயசு, பிறந்தது வளர்ந்தது எல்லாம் சால்மியாவில். ஆனாலும் குவைத் கடலை அவள் கரையிலிருந்துதான் பார்த்திருக்கிறாள்.

போன ஜனவரியில் ஊரிலிருந்து அப்பா வந்திருந்தார். நாத்தனார் குடும்பம், மகளோட பள்ளித் தோழிகள் ரெண்டு பேர், பக்கத்து ஃபிளாட் மலையாளிக் குடும்பம் என்று மொத்தம் பதினோரு பேர் சேர்ந்து, ஒரு வெள்ளிக்கிழமை ஃபைலகா தீவுக்குக் கிளம்பினோம். புளியோதரை, தயிர் சாதம், உருளைக்கிழங்கு வறுவல் எல்லாம் கட்டியாச்சு. பக்கத்து வீட்டு அக்கா பழம்பொரி கொண்டு வந்தார். படகு கரையை விட்டு நகர்றதுக்குள்ளேயே பாதி டப்பா காலி.

ஃபைலகா குவைத் நகரத்திலிருந்து சுமார் 20 கிலோமீட்டர். வளைகுடாவின் வாயிலில் காவலுக்கு நிற்கிற மாதிரி கிடக்கிற தட்டையான தீவு அது. மலையோ தென்னையோ கிடையாது. படகு நெருங்கும்போது, "இதுக்கா இவ்ளோ தூரம் வந்தோம்?" என்று நாத்தனார் பையன் முணுமுணுத்தான். இறங்கி அரை மணி நேரத்தில் அவன் அந்தப் பேச்சை விட்டுட்டான்.

தீவின் தென்மேற்கு மூலையில் அகழாய்வுக் குழிகள் இருக்கின்றன. 1958-ல் டென்மார்க் ஆய்வாளர்கள் தோண்ட ஆரம்பித்த இடம். நாலாயிரம் வருஷத்துக்கு முந்தைய தில்முன் நாகரிகத்தின் வீடுகளும், மென்கல்லில் செதுக்கிய நூற்றுக்கணக்கான வட்ட முத்திரைகளும் இங்கே கிடைத்தன. மெசொப்பொத்தாமியாவுக்கும் சிந்துவெளிக்கும் நடுவே நடந்த கடல் வணிகத்தில் தில்முன்தான் இடைத்தரகர். "அப்போ நம்ம ஆளுங்க அப்பவே இந்தப் பக்கம் சரக்கு அனுப்பிட்டு இருந்தாங்களா?" என்று மகள் கேட்டாள். சிந்துவெளிக்காரர்களை 'நம்ம ஆளுங்க' என்று சொல்லலாமா என்பது பெரிய விவாதம். அந்த வெயிலில் நான் அதற்குள் போகவில்லை.

பக்கத்திலேயே கிரேக்கர்கள் கட்டிய கோட்டையும் கோயிலும். அலெக்சாந்தர் இந்தத் தீவுக்கு இகாரோஸ் என்று பெயர் வைக்கச் சொன்னதாகப் பழைய வரலாற்றாசிரியர் ஆரியன் எழுதியிருக்கிறார். கிரேக்க எழுத்து செதுக்கிய கல்வெட்டு ஒன்றும் இங்கே கிடைத்தது. பள்ளிக்கூடத்தில் அலெக்சாந்தரைப் படித்து அலுத்த பசங்க, அந்த அடிச்சுவர்களைச் சுத்திச் சுத்தி போட்டோ எடுத்தார்கள்.

மதியத்துக்கு மேல் ஊருக்குள் நடந்தோம். அங்கேதான் எல்லாருடைய குரலும் இறங்கியது.

1990 ஆகஸ்ட் 2-ஆம் தேதி ஈராக் படை குவைத்துக்குள் நுழைந்தது. அதுவரை ஃபைலகாவில் ஏறத்தாழ இரண்டாயிரம் பேர் வாழ்ந்தார்கள். பள்ளி, வங்கி, கடைகள் எல்லாம் இருந்த ஊர். ஈராக் படை அவர்களை வெளியேற்றி, தீவில் கண்ணிவெடி புதைத்தது. போர் முடிந்து வெடிகளை அகற்றிய பிறகும் பெரும்பாலோர் திரும்பிக் குடியேறவில்லை. குண்டு துளைத்த சுவர்கள், கூரை பெயர்ந்த வீடுகள், வங்கிக் கட்டடம் எல்லாம் அப்படியே நிற்கின்றன.

ஒரு வீட்டு முற்றத்தின் முன்னால் அப்பா நின்றுவிட்டார். ரொம்ப நேரம் பேசவில்லை. அப்புறம், "எங்க ஃபர்வானியா ரூம் வாசலும் இப்படித்தாம்மா இருக்கும். பச்சைக் கதவு," என்றார்.

அந்த ஆகஸ்டில் அம்மாவும் நானும் பள்ளி விடுமுறைக்கு மயிலாடுதுறைக்குப் போயிருந்தோம். அப்பா மட்டும் இங்கே. எனக்கு அப்போ ஏழு வயசு. அம்மா ராத்திரி ரேடியோவைக் காதில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது மட்டும் நினைவிருக்கிறது. அதற்கு மேல் அப்பா எதுவும் சொன்னதில்லை. கேட்டால், "விடும்மா, நல்லபடியா வந்துட்டேன்ல" என்பார்.

அன்னிக்குப் பேத்தி கேட்டாள். "தாத்தா, எப்படித் தப்பிச்சீங்க?"

உடைந்த திண்ணையில் உட்கார்ந்து சொன்னார். பஸ்ஸில் பாஸ்ரா, பாக்தாத். அங்கிருந்து ஜோர்தான் எல்லை. பாலைவனத்தில் கூடாரம், தண்ணிக்கும் ரொட்டிக்கும் வரிசை. அப்புறம் அம்மான், அங்கிருந்து ஏர் இந்தியா விமானத்தில் பம்பாய். பன்னிரண்டு வருஷம் சம்பாதித்தவர் கையில் ஒரு பை. "பணம் பேங்க்ல மாட்டிக்கிச்சு. சட்டைப் பையில இருந்த தினாரை எந்த ஊர்லயும் மாத்த முடியல."

அந்த ரெண்டு மாசத்தில் இந்தியா 1,70,000-க்கும் மேற்பட்டவர்களை மீட்டுக் கொண்டுவந்தது. ஏர் இந்தியா 488 தடவை பறந்தது. 'ஏர்லிஃப்ட்' படம் பார்த்த பசங்களுக்கு இது சினிமாக் கதை. அதில் ஒருத்தர் தங்களோட புளியோதரை சாப்பிட்டவர் என்று அப்போதுதான் உறைத்தது.

"இவ்ளோ ஆன பிறகு ஏன் தாத்தா திரும்பி வந்தீங்க?"

"வேற என்ன பண்றது? உங்க அம்மாவைப் படிக்க வைக்கணும். தொண்ணூத்திரெண்டுல கம்பெனி கூப்பிட்டாங்க, வந்துட்டேன்." கொஞ்ச நேரம் கழித்து, "இங்க வந்து நின்னப்புறம்தான் தோணுது. இந்த வீட்டுக்காரங்க சொந்த ஊரையே விட்டுட்டுப் போனாங்க. எனக்குத் திரும்பிப் போக ஒரு மாயவரம் இருந்துச்சு" என்றார்.

மகள் எதுவும் பேசவில்லை. திரும்பும் படகில் என்னிடம் மெதுவாக, "அம்மா, நாளைக்கு இங்க ஏதாவது ஆச்சுன்னா நான் எந்த ஊருக்குப் போவேன்? எனக்கு மாயவரத்துல யாரையும் தெரியாதே" என்று கேட்டாள். 'அப்படியெல்லாம் ஆகாது' என்று சொல்ல வாய் வந்தது. 1990 ஜூலையில் அப்பாவும் அப்படித்தான் சொல்லியிருப்பார். அதனால், "இந்த வருஷ லீவுக்கு ஒரு வாரம் மட்டும் இல்ல, ஒரு மாசம் தாத்தா வீட்ல இரு" என்றேன். தலையாட்டினாள்.

போக நினைக்கிறவர்களுக்குச் சில குறிப்புகள். நவம்பர் முதல் மார்ச் வரை நல்ல நேரம். கோடையில் வேண்டாம். படகு நேரமும், தீவில் என்னென்ன திறந்திருக்கிறது என்பதும் மாறிக்கொண்டே இருக்கும். முன்கூட்டியே கேட்டு உறுதி செய்யுங்கள். தண்ணீர், தொப்பி, மூடிய ஷூ கட்டாயம். இடிந்த வீடுகளுக்குள் பசங்களை விடாதீர்கள். தரையில் கிடக்கும் உலோகத்தைத் தொடக் கூடாது, பானை ஓட்டையும் பொறுக்கக் கூடாது. முத்திரைகளைப் பார்க்க ஆசைப்பட்டால் குவைத் தேசிய அருங்காட்சியகத்துக்குத் தனியாக ஒரு நாள் ஒதுக்குங்கள்.

முக்கியமா, 1990-ல் இங்கே இருந்த பெரியவர் யாராவது உங்க வீட்டில் இருந்தால் அவரையும் கூட்டிப் போங்க. பசங்க போனில் சார்ஜ் இருக்கட்டும். அப்பா திண்ணையில் பேசியதை மகள் பதிவு செய்திருக்கிறாள். நாற்பது நிமிஷம். அம்மான் விமான நிலையத்தில் யாரோ கொடுத்த ஆரஞ்சுப் பழத்தைப் பத்தி அதில் சொல்கிறார். அம்மாவுக்கே அது தெரியாதாம்.