மலைக்குப் போன டிரங்குப் பெட்டி



போன வாரம் எதிர் வீட்டுப் பெண் ஒரு கடிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு என் வாசலில் வந்து நின்றாள். அவள் மகளுக்கு நான்காம் படிவம் படிக்க, வேறு மாவட்டத்தில் விடுதியோடு கூடிய ஓர் அரசாங்கப் பள்ளியில் இடம் கிடைத்திருக்கிறது. கெட்டிக்காரப் பிள்ளை. சந்தோஷப்பட வேண்டிய வீடு. ஆனால் அவள் முகத்தில் இரண்டு நாளாகத் தூங்காத களைப்பு.

"பெரியம்மா, அனுப்பலாமா வேணாமா? அவங்க அப்பா முடியாதுன்னு நிக்கிறாரு. எனக்கும் வயித்தைக் கலக்குது. நீங்க ஒரு வார்த்தை சொல்லுங்க."

ஒரு வார்த்தையில் சொல்லி முடிக்கிற காரியமா இது? அவளை உட்கார வைத்து, தேநீர் கலக்கிக் கொடுத்து, என் அம்மாவின் கதையைச் சொன்னேன். அதையே உங்களுக்கும் சொல்கிறேன். உங்களில் பலர் வீட்டில் இதே கடிதம் இன்றோ நாளையோ வரலாம்.

நான் பிறந்து வளர்ந்தது பொந்தியான் மாவட்டத்தில் ஒரு ரப்பர் தோட்டத்தில். அப்பா பால் வெட்டு. அம்மா துரை பங்களாவில் ஆயா. துரைக்கு ஒரே பிள்ளை. அவனுக்கும் எனக்கும் ஒரே வயது. என்னைப் பாட்டியிடம் விட்டுவிட்டு அம்மா அவனைத்தான் தூக்கி வளர்த்தாள். அவனும் அம்மாவை 'ஆயா, ஆயா' என்று சுற்றிச் சுற்றி வருவான். தமிழ்தான் அவனுக்கு முதலில் வந்த பேச்சு.

1961-ஆம் ஆண்டு, எங்களுக்கு எட்டு வயது. ஒரு நாள் பங்களா வராந்தாவில் கறுப்பு டிரங்குப் பெட்டி ஒன்று வந்து இறங்கியது. அம்மா பத்து நாள் சாயங்காலம் வீட்டுக்கு நேரத்தில் வரவில்லை. என்ன வேலை தெரியுமா? பையனுடைய சட்டை, கால்சட்டை, காலுறை, துண்டு, போர்வை என்று ஒவ்வொன்றிலும் அவன் பெயர் எழுதிய சின்னத் துணிப்பட்டையை வைத்துத் தைத்தாள். பள்ளி விதி அப்படி. எழுதப் படிக்கத் தெரியாத என் அம்மா, அந்த ஆங்கில எழுத்துகள் தலைகீழாகிவிடக் கூடாதே என்று ஒவ்வொரு பட்டையையும் துரைசானியிடம் காட்டிக் காட்டித் தைத்தாளாம்.

அவன் போனது பினாங்கு மலைக்கு. பொந்தியானிலிருந்து காரில் ஜொகூர் பாரு, அங்கிருந்து இரவு ரயிலில் கோலாலம்பூர், மறுபடி ரயிலில் பிறை, பிறகு கப்பல், அதற்குப் பிறகு மலை ரயில். நாட்டின் ஒரு கோடியிலிருந்து மறு கோடி. எட்டு வயதுப் பிள்ளைக்கு!

அந்தப் பள்ளியைப் பற்றி நான் பிற்காலத்தில் தேடித் தேடித் தெரிந்துகொண்டேன். அதன் பெயர் அப்லேண்ட்ஸ். 1955-ஆம் ஆண்டு தோட்டத் துரைமார்களின் சங்கமே தொடங்கிய பள்ளி. மலை உச்சியில் 'கிராக்' என்று பழைய ஹோட்டல் ஒன்று இருந்தது. பினாங்கில் ஈ அண்ட் ஓ ஹோட்டலை நடத்திய அதே சார்க்கீஸ் சகோதரர்கள் ஒரு காலத்தில் நடத்திய இடம். அந்தக் கட்டடத்தில்தான் பிள்ளைகள் தங்கிப் படித்தார்கள். ஏறிப் போக 1923-இல் ஓடத் தொடங்கிய மலை ரயில்.

அதற்கும் முன்னோடி ஒன்று உண்டு. குமாரி கிரிஃபித் ஜோன்ஸ் என்ற அம்மையார் 1925-இல் சிங்கப்பூரில் தங்ளின் பள்ளியைத் தொடங்கினார். 1934-இல் கேமரன் மலையில் ஒரு விடுதிப் பள்ளியையும் திறந்தார். வெள்ளைக்காரப் பிள்ளைகள் சமவெளி வெயிலில் வளர்ந்தால் உடம்பு கெடும் என்று அந்தக் காலத்தில் எண்ணினார்கள். 1948-இல் அவசரகாலம் வந்தது. மலைச் சாலையில் போக்குவரத்து ஆபத்தானது. பின்னர் கேமரன் மலைப் பள்ளி மூடப்பட்டது.

இந்த மாதிரிப் பள்ளிகளை ஆங்கிலத்தில் 'பிரெப்பரட்டரி' என்பார்கள். 'ஆயத்தப் பள்ளி' என்று நாம் சொல்லலாம். ஏழெட்டு வயதில் சேர்ந்து பதினொன்று, பதின்மூன்று வயது வரை படித்து, இங்கிலாந்தின் பெரிய தனியார் பள்ளிகளின் நுழைவுத் தேர்வுக்குத் தயாராக வேண்டும். இங்கிலாந்தில் இது பல தலைமுறை வழக்கம். கப்பலேற்றி அங்கேயே அனுப்பிவிட்டால், துரைக்கு நீண்ட விடுப்புக் கிடைக்கும் வரை, சில சமயம் வருஷக்கணக்காக, பிள்ளையின் முகத்தைப் பார்க்க முடியாது. பினாங்கு மலை என்றால் ஒவ்வொரு விடுமுறைக்கும் வீட்டுக்கு வரும். யோசித்துப் பாருங்கள். நமக்கு நாட்டின் மறு கோடியாகத் தெரிந்த அந்த மலை, அவர்களுக்குப் 'பக்கத்துப் பள்ளி'!

பையன் போன அன்று பங்களாவில் இரண்டு பெண்கள் அழுதார்கள். துரைசானி தன் அறைக் கதவைச் சாத்திக்கொண்டு அழுதாள். அம்மா குசினியில், அடுப்பின் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு அழுதாள். "பெத்தவளுக்குக் கதவு இருந்துச்சு, எனக்குப் புகை இருந்துச்சு" என்று அம்மா பின்னாளில் சிரித்துக்கொண்டே சொல்வாள்.

அதற்குப் பிறகு துரைசானி ஒரு வேலையைத் தவறாமல் செய்தாள். வாரம் ஒரு கடிதம் பிள்ளைக்கு. மாதம் ஒரு கடிதம் விடுதியைப் பார்த்துக்கொள்ளும் அம்மாளுக்கு. பிள்ளை சாப்பிடுகிறானா, இருமல் நின்றதா, யாரோடு விளையாடுகிறான் என்று கேட்டுக் கேட்டு எழுதுவாளாம். பதில் வந்தால் அம்மாவுக்கும் சொல்வாள். அங்கே சாயங்காலம் மணி அடித்தால் எல்லாப் பிள்ளைகளும் விளக்கின் கீழ் உட்கார்ந்து படிக்க வேண்டுமாம். ஒரு பெரியவர் கூடவே உட்கார்ந்திருப்பாராம். ஞாயிற்றுக்கிழமை எல்லாரும் வீட்டுக்குக் கடிதம் எழுத வேண்டுமாம். அம்மா இதையெல்லாம் எங்களிடம் வந்து ராஜா ராணி கதை மாதிரிச் சொல்வாள்.

நான் படித்த பள்ளி எது? பத்துப் பிள்ளைகளுக்குக் குறையாமல் இருந்தால் தோட்டத்தில் பள்ளி நடத்த வேண்டும் என்று 1923-ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம் சொன்னது. அந்தச் சட்டத்தால் முளைத்த பள்ளிகளில் ஒன்று. ஒரே கொட்டகை. ஒரே வாத்தியார். ஒரு மூலையில் முதல் வகுப்பு 'அ, ஆ' சொல்லும். மறு மூலையில் ஆறாம் வகுப்பு கணக்குப் போடும். குறை சொல்லவில்லை. அந்த வாத்தியார் எனக்குக் கொடுத்த தமிழில்தான் இன்று உங்களோடு பேசிக்கொண்டிருக்கிறேன்.

1965-இல் ஆறாம் வகுப்பு முடித்தேன். வாத்தியார் எங்கள் லயத்துக்கே வந்து அப்பாவிடம் சொன்னார். "பிள்ளை நல்லாப் படிக்குது. டவுன்ல புகுமுக வகுப்பு இருக்கு. விடுதியில சேர்த்துவிடுங்க. நான் எழுதிக் கொடுக்கிறேன்."

அப்பா தலையை ஆட்டிக் கேட்டார். வாத்தியார் போன பிறகு சொன்னார்: "பொட்டப் பிள்ளையை வெளியில தங்க வைக்கிறதா? நாலு பேர் என்ன சொல்வான்?"

அம்மா ஒன்றும் சொல்லவில்லை. துரை வீட்டுப் பிள்ளைக்கு எத்தனை பட்டை தைத்தவள், தன் பிள்ளைக்காக வாயைத் திறக்கவில்லை. நான் முதலில் புல்வெட்டுக்குப் போனேன். பிறகு அப்பாவோடு காண்டா வாளியைத் தூக்கினேன். அந்தக் கதை உங்களுக்குத் தெரியாததில்லை.

1970-இல் என் தம்பியின் முறை வந்தது. அப்பா இந்தத் தடவையும் இழுத்தார். ஆம்பளைப் பிள்ளைதான், ஆனால் விடுதிக் காசு? பஸ் காசு? அன்றைக்கு அம்மா பேசினாள். என் கல்யாணத்துக்கென்று சேர்த்த சீட்டுப் பணத்தை எடுத்து வைத்தாள். ஒரு தகரப் பெட்டி வாங்கினாள். தம்பியின் இரண்டு சட்டை, இரண்டு கால்சட்டை, ஒரு துண்டு எல்லாவற்றிலும் பெயர் தைக்க உட்கார்ந்தாள். பெயரை நான் பென்சிலில் எழுதிக் கொடுத்தேன். அதன் மேலேயே சிவப்பு நூலால் தைத்தாள்.

தைத்துக்கொண்டே, தலை நிமிராமல் சொன்னாள்: "அன்னிக்கு உனக்காக நான் பேசியிருக்கணும்டி."

அவ்வளவுதான். அதற்கு மேல் அவளும் பேசவில்லை, நானும் பேசவில்லை.

தம்பி போய் மூன்றாவது வாரம், இருட்டுகிற நேரத்தில் அன்னாசி லாரியில் தொற்றிக்கொண்டு வீட்டுக்கு வந்துவிட்டான். கையெல்லாம் சவுக்காரம் தின்று வெடிப்பு. பெரிய பையன்கள் தங்கள் துணியையெல்லாம் அவன் தலையில் கட்டியிருக்கிறார்கள். விடுதி வார்டன் பார்த்தும் பாராமல் இருந்திருக்கிறார். "இனிமே போக மாட்டேன்" என்று அம்மாவின் முந்தானையைப் பிடித்துக்கொண்டான்.

அப்பா, "நான் அப்பவே சொன்னேன்" என்றார்.

அம்மா அவனுக்குச் சோறு போட்டாள். கைக்குத் தேங்காயெண்ணெய் தடவினாள். தன் பக்கத்தில் படுக்க வைத்தாள். விடிந்ததும் பங்களா வேலைக்கு ஆள் சொல்லிவிட்டு, அவனைக் கூட்டிக்கொண்டு பஸ் ஏறினாள். என்னையும் துணைக்கு அழைத்துப் போனாள். வார்டன் வரும் வரை மூன்று மணி நேரம் மரத்தடியில் உட்கார்ந்திருந்தோம். அவர் வந்ததும், பாசார் மலாயில், கையைக் கட்டாமல், அம்மா சொன்னாள்:

"இவன் என் பிள்ளை. இவன் துணியை இவன் துவைப்பான். மற்றவன் துணியைத் துவைக்க மாட்டான். துரைசானிக்கு எழுதத் தெரியும், அதனால் அவள் மாதம் ஒரு கடிதம் எழுதுகிறாள். எனக்கு எழுதத் தெரியாது. அதனால் மாதம் ஒரு தடவை நானே வருவேன்."

வந்தாள். அந்த வருஷம் முழுக்க, சம்பளம் போட்ட மறு வாரம் பஸ் ஏறினாள். தம்பியின் கையைத் திருப்பித் திருப்பிப் பார்ப்பாள். பிறகு யாரும் அவனைத் தொடவில்லை. தம்பி படித்து ஆசிரியரானான். இப்போது ஓய்வு பெற்றுவிட்டான்.

ஆனால் ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும். 1994-இல் அம்மா இறந்தபோது தம்பி என்னிடம் சொன்னான்: "அக்கா, உனக்கு அம்மாவோட சமையல் தெரியும், கோபம் தெரியும். எனக்குப் பன்னிரண்டு வயசு வரைக்கும்தான் அம்மா. அப்புறம் நான் விருந்தாளி." அவனுக்குக் கிடைத்ததைப் பார்த்து நான் ஏங்கினேன். எனக்குக் கிடைத்ததைப் பார்த்து அவன் ஏங்கியிருக்கிறான்! விடுதிப் படிப்புக்கு இப்படியும் ஒரு கட்டணம் உண்டு. துரைசானியும் அதைக் கட்டினாள், என் அம்மாவும் கட்டினாள்.

வாசகர்களே, காலம் மாறிவிட்டது. வெள்ளைக்காரத் துரைமார் போய்விட்டார்கள். அப்லேண்ட்ஸ் பள்ளி 1977-இல் மலையை விட்டு நகரத்துக்கு இறங்கியது. இப்போது பத்து பெர்ரிங்கியில் இருக்கிறது. உள்நாட்டுப் பிள்ளைகளுக்கு இருந்த ஒதுக்கீட்டு வரம்பை அரசாங்கம் 2012-இல் நீக்கிய பிறகு, அனைத்துலகப் பள்ளிகளில் மலேசியப் பிள்ளைகள் பெருகிவிட்டார்கள். அதே 2012-இல், இங்கிலாந்தில் 1843-இல் தொடங்கிய மார்ல்பரோ கல்லூரி, நம் ஜொகூரிலேயே, இஸ்கண்டார் புத்ரியில் கிளை திறந்தது. ஆயத்தப் பள்ளியும் உண்டு, விடுதியும் உண்டு. பொந்தியானிலிருந்து காரில் போய்விட்டு வருகிற தூரம்தான். கட்டணம்தான் நமக்கு எட்டாத தூரம்.

அதனால் என்ன? அந்தப் பள்ளிகளின் ரகசியம் பளிங்குத் தரையில் இல்லை என்பது என் எண்ணம். தினமும் குறித்த நேரம், ஒரு விளக்கு, கூட உட்காரும் ஒரு பெரியவர், அம்மாவின் வாராந்தரக் கடிதம். இவற்றில் எது நம்மால் முடியாது? தொலைக்காட்சியையும் கைப்பேசியையும் இரண்டு மணி நேரம் ஒதுக்கி வைத்துவிட்டு, நாமும் பிள்ளை பக்கத்தில் உட்கார்ந்தால் லயத்து வீடும் ஆயத்தப் பள்ளிதான். கோயில் மண்டபமும் ஆயத்தப் பள்ளிதான்.

பிள்ளையை விடுதிக்கு அனுப்புகிறவர்களுக்கு என் அம்மாவிடம் கற்ற நாலு விஷயம். முதலில், பிள்ளைக்குப் போக ஆசை இருக்கிறதா என்று தனியாகக் கேளுங்கள். நாலு பேர் முன்னால் கேட்காதீர்கள். தன் துணியைத் துவைக்கவும் தன் காசை எண்ணிச் செலவழிக்கவும் வீட்டிலேயே பழக்குங்கள். விடுதிப் பொறுப்பாளரை முதல் நாளே நேரில் பார்த்து, 'இந்தப் பிள்ளைக்குக் கேட்க ஆள் உண்டு' என்று தெரியப்படுத்துங்கள். கடைசியாக, பிள்ளை அழுதுகொண்டு பேசினால் 'அழாதே' என்று அடக்காதீர்கள். 'என்ன நடந்தது' என்று கேளுங்கள். கேட்டுவிட்டு பஸ் ஏறுங்கள்.

பெண் பிள்ளையாயிற்றே என்று தயங்கும் அப்பாமார்களுக்கு மட்டும் ஒரு வார்த்தை. 'நாலு பேர் என்ன சொல்வான்' என்று என் அப்பா பயந்த அந்த நாலு பேர் யார் என்று எனக்கு இன்று வரை தெரியாது. அவர்களில் ஒருவர்கூட, நான் வாளி தூக்கிய நாளில் வந்து ஒரு கை பிடிக்கவில்லை.

எதிர் வீட்டுப் பெண் நேற்று வந்தாள். அவள் கணவர் சம்மதித்துவிட்டாராம். பெட்டி வாங்கியாகிவிட்டது. துணிகளில் பெயர் எழுத மார்க்கர் பேனா வாங்கி வைத்திருக்கிறாள்.

"பேனா எழுத்து நாலு துவைப்புல போயிடும்மா" என்றேன். கண் அவ்வளவாகத் தெரியவில்லைதான். ஆனாலும் ஊசியையும் சிவப்பு நூலையும் தேடி எடுத்து வைத்திருக்கிறேன். நாளைக்குத் தைக்கப் போகிறோம்.