சாதாரண மிதிவண்டி

கிரைட்டீரியம் என்பது போக்குவரத்து அடைக்கப்பட்ட வீதிகளில் குறுகிய சுற்றொன்றைப் பலமுறை சுற்றிவரும் மிதிவண்டிப் பந்தயம். அங்கே கால்வலிமையோடு வண்டியின் விலையும் ஓடுகிறது.

அண்ணா பிறந்தநாளையொட்டித் தமிழ்நாடு விளையாட்டு மேம்பாட்டு ஆணையம் மாவட்டந்தோறும் நடத்தும் பந்தயம் வேறு வகையினது. இந்தியாவில் தயாரான சாதாரண மிதிவண்டிக்கே அதில் அனுமதி. 17 வயதுக்குட்பட்ட மாணவியர்க்குத் தொலைவு 15 கி.மீ. பள்ளிக்குச் செல்ல அரசு அளித்த விலையில்லா வண்டியிலேயே ஒரு மாணவி களமிறங்கலாம். பணம் தரும் முன்னிலையை அவ்விதி தொடக்கக் கோட்டிலேயே அழித்துவிடுகிறது.

ஆனால் அடுத்த படியான தேசியப் போட்டிக்குப் பந்தய வண்டி வேண்டும். அதன் விலை எளிய குடும்பமொன்றின் பல மாத வருமானம். திறமையைக் கண்டறிந்த கை வண்டியையும் தந்தாலன்றி, அவ்வெற்றி பரிசுத்தொகையோடு நின்றுவிடும்.