மழை நாளின் கூலி

மருங்காபுரி வட்டாரத்துச் சிற்றூர் ஒன்றின் மாரியம்மன் திருவிழாக் குழுவில் நாங்கள் நால்வர் இருந்தோம். பள்ளி நாள் தொட்டு ஒன்றாகப் புத்தகம் படித்தவர்கள். கலையின்பால் பற்றுடையவர்கள் என்று எங்களைப் பற்றி எங்களுக்கே ஓர் உயர்ந்த எண்ணம். 2014 சித்திரையில் நாடகம் அமர்த்தும் பொறுப்பு எங்களிடம் வந்தது. ‘வள்ளி திருமணம்’ என்று முடிவாயிற்று.

ஸ்பெஷல் நாடகத்தின் இயல்பை அறியாதவர்களுக்குச் சொல்ல வேண்டும். அதில் குழு என்று ஒன்று இல்லை. முருகன் ஓரூரிலிருந்து வருவார், வள்ளி வேறோர் ஊரிலிருந்து வருவார். நாரதர், பபூன், ஆர்மோனியம், மிருதங்கம் ஒவ்வொன்றுக்கும் தனித்தனி அச்சாரம். ஒத்திகை கிடையாது. இரவு பத்து மணிக்கு மேடையின் பின்புறம் சந்தித்துக்கொள்பவர்கள், விடியும் வரை ஒரு நாடகத்தைக் கட்டி நிறுத்துகிறார்கள். சங்கரதாஸ் சுவாமிகள் (1867–1922) வகுத்துத் தந்த பாட்டும் தர்க்கமும் எல்லோருக்கும் மனப்பாடமாக இருப்பதால்தான் இது கூடுகிறது.

அன்று நாரதர் தர்க்கத்தின் நடுவே கோடை மழை கொட்டியது. சாமியானா சரிந்தது, கூட்டம் கலைந்தது. பாதி நாடகத்துக்குப் பாதிப் பணம் என்று குழு தீர்மானித்தது. அதை நடிகர்களிடம் சொல்லும் வேலை எங்களுக்கு. ஆர்மோனியக்காரர் மட்டும் வாய் திறந்தார். “மழ பெஞ்சதுக்கு நானா தம்பி பொறுப்பு? நான் வந்துட்டேன்ல?” எங்களிடம் விடை இல்லை. நனைந்த பெட்டியைத் துண்டால் துடைத்துக்கொண்டு முதல் பேருந்துக்குப் புறப்பட்டார்.

அந்தக் கேள்விக்கு ஒரு விடை பாரிஸ் பக்கத்திலிருந்து வரும் என்று நாங்கள் நினைத்திருக்கவில்லை. 2016-ல் அரியான் முனூஷ்கினின் ‘தெயாத்ர் து சொலேய்’ என்னும் நாடகக் குழு ‘இந்தியாவில் ஓர் அறை’ என்ற நாடகத்தை அரங்கேற்றியது. பாரிஸின் விளிம்பில், வான்சேன் காட்டில், பழைய வெடிமருந்துச் சாலை ஒன்றே அவர்களுடைய அரங்கம். அந்நாடகத்துக்காகப் புரிசை கண்ணப்ப சம்பந்தன் பிரெஞ்சு நடிகர்களுக்குத் தெருக்கூத்துப் பயிற்றுவித்தார். பாரதக் காட்சிகள் தமிழிலேயே அங்கே ஆடப்பட்டன. இச்செய்தியைப் படித்து மகிழ்ந்த நாங்கள், அக்குழுவைப் பற்றித் தேடத் தொடங்கினோம். 1964-ல் தொடங்கப்பெற்ற அக்குழுவில் இயக்குநர் முதல் தொழில்நுட்பர் வரை அனைவருக்கும் ஒரே சம்பளம் என்பது முதல் வியப்பு. அதைவிடப் பெரிய வியப்பு, பிரெஞ்சு மேடைக் கலைஞர்கள் வாழும் முறை.

‘அந்தெர்மித்தான்’ என்று அவர்களை அழைக்கிறார்கள். விட்டு விட்டு வேலை கிடைப்பவர்கள் என்று பொருள். 12 மாதங்களில் 507 மணி நேரம் உழைத்ததாகக் காட்டும் கலைஞருக்கு, வேலை இல்லாத நாள்களில் வேலையின்மைக் காப்பீட்டிலிருந்து படி கிடைக்கிறது. நிகழ்ச்சிக் கணக்கில் ஊதியம் பெறுபவருக்கு, மேடையில் நின்றது ஒரு மணி நேரமே ஆனாலும் 12 மணி நேரம் என்று எழுதிக்கொள்கிறார்கள். நடிகரின் உழைப்பு திரை விலகிய பின்தான் தொடங்குகிறது என்று அந்தக் கணக்கு கருதுவதில்லை. நாங்கள் காகிதத்தில் வகுத்துப் பார்த்தோம். ஏறத்தாழ 43 நிகழ்ச்சிகள் போதும். எங்கள் ஆர்மோனியக்காரர் மாசிக்கும் ஆடிக்கும் இடையே அறுபது எழுபது இரவுகள் வாசிப்பதாகச் சொல்லியிருந்தார். பிரான்சில் பிறந்திருந்தால், ஐப்பசி அடைமழையில் அவர் வீட்டு அடுப்பைப் பற்றி அரசும் கவலைப்பட்டிருக்கும்.

பிரெஞ்சுக்காரர்கள் பிறவியிலேயே கலையை மதிப்பவர்கள் என்று இதிலிருந்து முடிவு கட்டிவிடக் கூடாது. இந்தக் காப்பீட்டில் பற்றாக்குறை விழுகிறது என்று அங்குள்ள முதலாளிகள் சங்கம் பலகாலம் முறையிட்டு வந்திருக்கிறது. 2003-ல் விதிகள் இறுக்கப்பட்டபோது கலைஞர்கள் வேலைநிறுத்தத்தில் இறங்கினர். 1947-ல் ழான் விலார் தொடங்கிய புகழ்பெற்ற அவிஞ்ஞோன் நாடக விழாவே அந்த ஆண்டு நடைபெறவில்லை. பண்பாட்டு அமைச்சகம் ஒன்றை 1959-லேயே நிறுவிய நாட்டிலும், நடிகர் தம் சோற்றுக்கு மேடையை மூட வேண்டியிருந்தது. கொடுத்ததன்று, கேட்டுப் பெற்றது.

2020 இரண்டையும் அருகருகே வைத்துக் காட்டியது. நோய்த்தொற்றால் அரங்குகள் மூடப்பட்டதும், மணிக் கணக்கு பாராமல் கலைஞர்களின் உரிமை 2021 ஆகஸ்ட் இறுதி வரை நீட்டிக்கப்பட்டது. அதுவும் போதாதென்று 2021 மார்ச்சில் பாரிஸின் ஒதெயோன் அரங்கத்துக்குள் அவர்கள் குடியேறினார்கள். 2020 பங்குனியில் எங்கள் பக்கத்துத் திருவிழாக்கள் நின்றன. மறு ஆண்டும் நின்றன. நம்மிடமும் நாட்டுப்புறக் கலைஞர்கள் நல வாரியம் உண்டு, நலிந்த கலைஞர்களுக்கு உதவித்தொகை உண்டு. இல்லையென்று சொல்வது அறமாகாது. ஆனால் நம்முடைய உதவி நலிந்த பிறகு வருகிறது. அவர்களுடையது நலியாமல் இருப்பதற்கென்று வகுக்கப்பட்டது. வேறுபாடு தொகையில் இருப்பதைவிட, அந்த ஒரு சொல்லில் இருக்கிறது.

சங்கரதாஸ் சுவாமிகள் மறைந்தது பிரெஞ்சு ஆட்சியின் கீழிருந்த புதுச்சேரியில். அங்கே கருவடிக்குப்பத்தில் அவர் சமாதி இருக்கிறது. தமிழ் நாடகத்தின் தலைமகனை அந்த மண் தாங்கிக்கொண்டிருக்கிறது என்று பெருமையாகப் பேசுவோம். அவர் பாட்டைப் பாடி வாழ்பவர் நம் ஊருக்கு வந்தால், மழையின் பேரில் கூலியைக் குறைப்போம்.

2022-ல் திருவிழா மீண்டும் நடந்தபோது, கலைஞர் வந்து அரிதாரம் பூசிவிட்டால் முழுப்பணம் என்று குழுவில் எழுதி வைக்கச் சொன்னோம். வாதம் நடந்தது, எழுதப்பட்டது. பிறகு 2014-ன் பாக்கித் தொகையை எங்களுக்குள் திரட்டி, ஆர்மோனியக்காரரின் வீட்டைத் தேடிப் போனோம். எட்டு ஆண்டுகளாக எங்களை உறுத்திய அந்த இரவைப் பற்றிச் சொல்லி, மன்னிப்பும் கேட்டோம்.

அவர் பணத்தை எண்ணி மடியில் வைத்தார். சிறிது நேரம் யோசித்தார்.

“எந்த ஊர்ல தம்பி? இது மாதிரி நெறைய ஊரு இருக்கே.”