திருகோணமலைத் துறைமுகமும் ஒரு பழைய மைனரும்

கோணேசர் கோயில் கொண்டுள்ள சுவாமி மலையின் உச்சியில் நின்று பார்ப்போர்க்குத் திருகோணமலை இரு வேறு முகங்களைக் காட்டும். கிழக்கே கரை காணாத பெருங்கடல். தென்மேற்கே குன்றுகள் அரண் செய்ய, அலையோசை அடங்கிக் கிடக்கும் உள் துறைமுகம். எத்துணைப் பெரிய கப்பலும் அச்சமின்றித் தங்கக்கூடிய இந்த ஆழமே போர்த்துக்கேயரையும், ஒல்லாந்தரையும், ஆங்கிலேயரையும் ஒருவர் பின் ஒருவராக இங்கு இழுத்து வந்தது.

பிரித்தானியக் கடற்படை 1957ஆம் ஆண்டில் இத்தளத்தை இலங்கை அரசிடம் ஒப்படைத்துச் சென்றது. அது விட்டுச் சென்றவற்றுள் ஒன்றைச் சீனன்குடாப் பக்கம் செல்வோர் இன்றும் காணலாம். காட்டுக்குள் நிற்கும் பிரமாண்டமான எண்ணெய்த் தாங்கிகளே அவை. 1942 ஏப்ரல் 9ஆம் திகதி ஜப்பானிய விமானங்கள் இந்நகரைத் தாக்கிய கொடுமையைக் கண்ட தாங்கிகள் அவை. எஞ்சிய 99 தாங்கிகளுள் பெரும்பாலானவை பல்லாண்டுகள் பயனற்றுக் கிடந்தன. அவற்றைத் திருத்திப் பயன்படுத்த 2022 ஜனவரியில் இந்தியாவுடன் உடன்படிக்கை செய்யப்பட்டது.

இரும்பைப் பொறுத்தவரை இவ்வூர்க் காற்று இரக்கமற்றது. உப்பு ஈரம் யன்னற் கம்பியையும் விடுவதில்லை, வேலித் தகரத்தையும் விடுவதில்லை. இத்தகைய ஊரில் அறுபது ஆண்டுகளுக்கு மேற்பட்ட ஒரு மோட்டார் வண்டியை மீட்டெடுக்க ஒருவர் முனைந்தால், அதனைத் துணிவு என்பதா, பேதைமை என்பதா?

அவர் ஓய்வுபெற்ற ஆசிரியர். அயலவர் அனைவர்க்கும் 'மாஸ்ரர்'. கடற்கரையை அடுத்த தெருவில் உள்ள அவரது வளவில், கிடுகுக் கொட்டிலின் கீழ், படங்கு போர்த்திக் கிடந்தது ஒரு மொரிஸ் மைனர் 1000. அவருடைய தந்தையார், அப்போதிக்கரியாகப் பணிபுரிந்தவர், 1958இல் வாங்கியது. பிள்ளைப்பேற்று வலி கண்ட பெண்களை நள்ளிரவிலும் வைத்தியசாலைக்கு ஏற்றிச் சென்ற வண்டி என்று தெருவின் மூதாட்டிகள் இன்றும் சொல்வர். 1990இல் குடும்பம் இடம்பெயர்ந்தது, வண்டி நின்றுவிட்டது. 2004 டிசம்பர் 26ஆம் திகதி ஆழிப்பேரலையின் நீர் கொட்டிலுக்குள்ளும் புகுந்தது.

மைனரைப் பற்றி இளைஞர்க்கு ஒரு வார்த்தை சொல்லவேண்டும். அலெக் இசிகோனிஸ் என்பார் வடிவமைத்த இவ்வண்டி 1948இல் வெளிவந்தது. மாதிரி வண்டி ஒடுக்கமாகத் தோன்றவே, அதனை நெடுக்காக அறுத்து நான்கு அங்குலம் அகலப்படுத்தினார் அவர். மூடியின் நடுவே ஓடும் தட்டையான மேடு அதன் அடையாளமே. இலங்கையில் புதிய வண்டிகளின் இறக்குமதி இறுக்கமாகக் கட்டுப்படுத்தப்பட்டிருந்த காலத்தில், பழையனவற்றைப் பேணுவது வாழ்க்கைத் தேவையாயிற்று. 1990களில் வடக்கே பெற்றோல் தடைசெய்யப்பட்டபோது, சில துளி பெற்றோலால் உயிர்ப்பித்து மண்ணெண்ணெயில் ஓட்டிய பழைய வண்டிகளை யாழ்ப்பாணத்தார் மறக்கவில்லை.

மாஸ்ரர் முதலில் அழைத்து வந்தது முதிய மெக்கானிக் ஒருவரை. ஊரார் அவரை 'நானா' என்பர். அவர் மூடியைத் திறக்கவுமில்லை, வர்ணத்தைப் பார்க்கவுமில்லை. ஒரு சிறு சுத்தியலுடன் வண்டியின் கீழ் படுத்துத் தட்டத் தொடங்கினார்.

"மாஸ்ரர், மேலே வர்ணம் பூசுவது ஒரு கிழமை வேலை. கீழே கேளுங்கள், சத்தம் மாறுகிறது" என்றார்.

அவர் கூற்றில் முழு உண்மை இருந்தது. மைனருக்குத் தனியான அடிச்சட்டகம் கிடையாது. உடலும் தளமும் ஒன்றாகவே காய்ச்சிப் பொருத்தப்பட்டவை. ஆதலால் தளத்திலும் கதவடிப் பெட்டிகளிலும் கறள் ஏறினால் வண்டியின் முதுகெலும்பே தளர்ந்துவிடும். முன் சக்கரங்களைத் தாங்கும் கீழ்மூட்டுக்குக் காலந்தோறும் கிறீஸ் இடாவிடில், ஓடும்போதே சக்கரம் சரிந்துவிடக்கூடும். பிரேக்கின் முதன்மை உருளையோ சாரதியின் காலடித் தளத்தின் கீழ் மறைந்திருப்பது. பற்றரியின் நேர்முனை வண்டியின் உடலுடன் இணைக்கப்பட்டிருக்கும். இக்கால வழக்கம் இதற்கு நேர்மாறானது. அறியாதவர் கைவைத்தால் கேடுதான்.

எஞ்சினை உடனே இயக்கிப் பார்க்கவும் நானா இடங்கொடுக்கவில்லை. பிளக்குகளைக் கழற்றி உருளைகளுக்குள் எண்ணெய் வார்த்து நாட்கணக்கில் விட்டார். பின்னர் கையாலேயே மெல்லச் சுழற்றினார். ஐந்தாம் நாள் அது அசைந்தது.

ஆயினும் செலவைக் கணக்கிட்டபோது மாஸ்ரரின் ஓய்வூதியம் சிறிதாகத் தோன்றியது. கொழும்பிலிருந்து வந்த ஒருவர் வண்டியைக் கிடந்தபடியே வாங்க முன்வந்தார். வெளிநாட்டில் வாழும் மகனும், "அப்பா, விற்றுவிடுங்கள், வீட்டுக் கூரையைத் திருத்தலாம்" என்று எழுதினார். அவர் சொன்னதும் நியாயமே. மழைக்காலம் எவர்க்கும் காத்திராது.

மாஸ்ரர் முதலில் கூரையைத் திருத்தினார். எஞ்சியதைக் கொண்டு தளத் தகடுகளை மட்டும் மாற்றுவித்தார். நல்ல நிலையிலிருந்த கதவுகளையும் ஆசனச் சட்டங்களையும் அப்படியே வைத்துக்கொண்டார். கூலிக்குப் பதிலாக நானா ஒரு நிபந்தனை விதித்தாராம்: மாஸ்ரரிடம் படித்த இரு இளைஞர்கள் சனிக்கிழமைகளில் வந்து தொழிலைப் பார்க்கவேண்டும். இப்போது அவ்விருவரே கறளைச் சுரண்டுகின்றனர். பொருத்தும் முறையைக் கொப்பியில் வரைந்தும் வைக்கின்றனர்.

பழைய வண்டியைப் பேணி ஓட்டுவதே சிக்கனம் என்று வாதிட்ட சார்ள்ஸ் வெயர் என்னும் ஆங்கிலேயர், பாத் நகரில் மைனர்களுக்கென்றே ஒரு நிலையம் அமைத்தார். மைனரின் உதிரிப்பாகங்கள் இலங்கையிலும் செய்யப்பட்டு இங்கிலாந்துக்குச் சென்றன. அந்தக் கைத்திறன் நம் ஊர்க் கராச்சுகளில் முதியோரிடம் இன்னும் எஞ்சியுள்ளது. அவர்களுக்குப் பின் கற்றவர் இல்லையேல் அதுவும் மறைந்துவிடும். திருகோணமலைக்குச் செல்லும் மாணவர்கள் கோணேசரையும் துறைமுகத்தையும் கண்டபின், இத்தகைய ஒரு கராச்சிலும் சிறிது நேரம் நின்று பார்ப்பார்களாயின் பெரும்பயன் பெறுவர்.