மிதிவண்டியின் முறையீடு

நன்கு பேணப்பெற்ற மிதிவண்டி ஆரவாரமின்றிச் செல்லும். சக்கரம் தரையில் உருளும் மெல்லிய ஒலியன்றி வேறொன்றும் நம் காதில் விழாது. அத்தகைய வண்டி ஒரு நாள் 'டக்' என்றோ 'கிறீச்' என்றோ குரல் கொடுக்குமாயின், ஏதோ ஓர் உறுப்பு தன் குறையை நம்மிடம் முறையிடுகிறது என்று கொள்ளலாம். அக்குரல் பின்சக்கரத்து மட்கார்டிலிருந்து எழுந்தால் சில நாள் பொறுக்கலாம். கைப்பிடியின் பக்கத்திலிருந்து எழுந்தால் பொறுத்தல் ஆகாது. வண்டியைத் திருப்புவதும் நிலைநிறுத்துவதும் அப்பகுதியே அன்றோ?

ஆயினும், ஒலி பிறக்கும் இடத்தைக் காதினால் மட்டும் அறிதல் எளிதன்று. எஃகில் ஒலி, காற்றில் செல்வதைப்போல் ஏறத்தாழ 15 மடங்கு விரைவாகச் செல்லும். வண்டியின் சட்டமோ உள்ளீடற்ற குழாய்களால் ஆனது. ஒரு மூலையில் தோன்றும் சிற்றொலியையும் அது எங்கும் பரப்பிவிடும். இருக்கையின் வில் முனகினால், கைப்பிடியே முனகுவதுபோல் தோன்றும். இதை ஆராயாமல், எந்த ஒலி கேட்டாலும் எண்ணெய்க் குப்பியை எடுத்துச் சாய்ப்பவர் பலர். நோயாளியின் வாயைப் பொத்துவது மருத்துவம் ஆகுமா?

என் பழைய மிதிவண்டி, முன் பிரேக்கைப் பிடிக்குந்தோறும் 'டக்' என்றது. மேட்டில் ஏறுகையில் 'கிறீச்' என்றது. எங்கள் தெருமுனையில் கடை வைத்திருக்கும் முதியவரிடம் அதைக் கொண்டு சென்றேன். அவர் உடனே ஸ்பானரை எடுக்கவில்லை. மணி, விளக்கு, கூடை என ஒவ்வொன்றாகக் கையால் அழுத்திப் பிடித்துக்கொண்டு, முன்சக்கரத்தைச் சற்றே தூக்கித் தரையில் விட்டார். ஒலி நிற்கவில்லை. "இவை குற்றவாளிகள் அல்ல, தம்பி" என்று அவற்றை விடுதலை செய்தார்.

முன்சக்கரத்தைத் தாங்கும் கவையைப் 'போர்க்' என்பர். அதன் தண்டு சட்டத்தின் முன்குழாயினுள் ஏறி நிற்கிறது. குழாயின் மேல்வாயிலும் கீழ்வாயிலும் கிண்ணம் போன்ற கப்புகள். அவற்றினுள் வட்டமாக அடுக்கிய சிறு எஃகுக் குண்டுகள். கைப்பிடி தடையின்றித் திரும்புவது இக்குண்டுகளால்தான். மேலே இவற்றை இறுக்கும் திருகு தளர்ந்தால், தண்டு குழாயினுள் ஆடும். அளவுக்கு மீறி இறுகினால், கைப்பிடி முரண்டுபிடிக்கும். வண்டி நேரே செல்லாது நெளியும்.

முதியவர் முன் பிரேக்கைப் பிடித்துக்கொண்டு வண்டியை முன்னும் பின்னும் அசைத்தார். மற்றொரு கையின் விரல் கீழ்க்கப்பின் இடுக்கில் இருந்தது. காது சொல்லாததை விரல் சொல்லிற்று. அங்கே ஓர் ஆட்டம் இருந்தது. பிரேக் கட்டைகளும் ஆடக்கூடும் அல்லவா? ஆதலின் பிரேக்கை விட்டு, சக்கரத்தைக் குறுக்காகத் திருப்பி மீண்டும் அசைத்தார். அப்போதும் 'டக்'! சக்கரத்தின் அச்சையும் ஆட்டிப் பார்த்தார். அது உறுதியாகவே இருந்தது.

பின்னர் முன்சக்கரத்தைத் தூக்கிக் கைப்பிடியை மெல்லத் திருப்பினார். நேராக நிற்குமிடத்தில் அது பள்ளத்தில் விழுந்தாற்போல் ஒரு கணம் தங்கிற்று. நாம் பெரும்பாலும் நேராகவே செல்கிறோம். குண்டுகள் ஒரே இடத்தில் கிடந்து, சாலையின் அதிர்வால் உராய்ந்து உராய்ந்து கப்பில் குழி பறிக்கின்றன. சக்கரம் வாரியிறைக்கும் சேறும் நீரும் கீழ்க்கப்பையே முதலில் கெடுக்கும்.

'கிறீச்' ஒலி வேறு. முன்சக்கரத்தை முழங்கால்களுக்கிடையே இடுக்கிக்கொண்டு கைப்பிடியை முறுக்குமாறு என்னிடம் கூறினார். முறுக்கினேன், முனகிற்று. கைப்பிடியின் கழுத்து, போர்க்குத் தண்டினுள் பசையற்று உலர்ந்திருந்தது. அதற்குச் சிறிது கிரீஸே மருந்து.

கப்புகளை மாற்றுவதற்காகப் போர்க்கை வெளியே எடுத்துத் துடைத்தவர், கையை நிறுத்தினார். தண்டும் கவையும் கூடும் அடியில் மயிரிழை போன்ற ஒரு துருக்கோடு தெரிந்தது. தேய்த்தும் அது போகவில்லை. நகத்தை அதன்மேல் ஓட்டினார், நகம் தடுக்கிற்று. எஃகில் பிளவு தோன்றி, அதனுள் நீர் புகுந்தால் இவ்வாறு செந்நிறக் கோடு படிவதுண்டு. எனக்குப் பேச்சு எழவில்லை. அவ்வண்டியின் குறுக்குத் தண்டில் அமர்ந்துதான் என் தங்கை மகள் நாள்தோறும் பள்ளிக்குச் சென்றுவந்தாள்.

"திருகை மட்டும் இறுக்கியிருந்தால் ஒலி நின்றிருக்கும். நின்றபின் இதை யார் பார்ப்பார்? வேறு போர்க் போடாமல் வண்டியைத் தரமாட்டேன், தம்பி" என்றார் அவர்.

மறுநாள் மாலை, புதிய போர்க்குடன் வண்டியைப் பெற்றுக்கொண்டேன். பழையது அவர் கடைச் சுவரில் ஓர் ஆணியில் தொங்குகிறது. 'டக்' என்னும் வண்டியோடு எவர் வந்தாலும், அதை எடுத்துக் கொடுத்து, "முதலில் இங்கே நகத்தை வைத்துப் பாருங்கள்" என்கிறார்.