நரம்பு என்றால் எது?

செட்டிபாளையத்தில் எங்கள் அம்மாவுக்கு நரம்பு ஒன்றல்ல. புறங்கையில் பச்சையாய்ப் புடைத்திருப்பது நரம்பு. கழுத்தைத் திருப்பவிடாமல் பிடிப்பது நரம்பு. இரவில் பாதத்தை எரிப்பதும் நரம்பு. சீனி வருத்தத்தால் காலில் ‘நேர்வ்’ பழுதாகியிருக்கிறது என்று டொக்டர் சொன்னதை, நரம்பு என்றே அவருக்குச் சொல்லி வைத்தேன். கையை நீட்டிக் காட்டினார். “இதில குத்திக் குத்தித்தானே மனே ரத்தம் எடுக்கிறாங்க? பழுதாகாம என்ன செய்யும்?” அடுத்த கிளினிக்கில் இரத்தம் எடுக்க விடவே இல்லை.

அம்மாவுக்கு விளக்கப் போய்த்தான் அந்த ஆங்கிலச் சொல்லின் வண்டவாளம் தெரிந்தது. இலத்தீனில் ‘நெர்வுஸ்’, கிரேக்கத்தில் ‘நியூரோன்’. இரண்டும் முதலில் குறித்தது தசைநாரை. வில்லின் நாணுக்கும் அந்தப் பெயர்தான். கி.மு. 300 அளவில் அலெக்சாந்திரியாவில் உடல்களை அறுத்துப் பார்த்த ஹெரோஃபிலஸ், சில ‘நார்கள்’ மூளையோடும் முள்ளந்தண்டோடும் சேர்ந்திருப்பதைக் கண்டு பிரித்தறிந்தார். பெயர் பழையதாகவே நின்றுவிட்டது. ‘நேர்வஸ்’ இன்னும் வேடிக்கை. சாமுவேல் ஜோன்சனின் 1755ஆம் ஆண்டு அகராதியில் அதற்கு உரமானவன் என்றும் பொருள், வைத்தியர் பேச்சில் நரம்பு நொந்தவன் என்றும் பொருள். நடுங்குகிறவனுக்கே இன்று அது மிஞ்சியிருக்கிறது.

நம்முடையதும் அதே கூத்துத்தான். காரைதீவில் பிறந்த விபுலானந்த அடிகளின் ‘யாழ் நூல்’ 1947இல் வெளிவந்தது. அதில் நரம்பு என்றால் யாழின் தந்தி. அவர் விரித்துச் சொல்லும் யாழ்களில் ஒன்று வில்யாழ். வேடன் வில்லின் நாணே அங்கே இசை நரம்பாகிவிடுகிறது. இதைக் கண்டதும் ‘நேர்வ்’ நம் நரம்பிலிருந்து போனது என்று மார்தட்டத் தோன்றும். எனக்கு நம்பிக்கையில்லை. நரம்பு திராவிடச் சொல். மலையாளத்தார் ஞரம்பு என்கிறார்கள், அவர்களும் இரத்தக்குழாயை அதற்குள்ளேயே அடக்குகிறார்கள். விலங்கின் நாரை முறுக்கி நாணேற்றியவர்கள் எல்லா ஊரிலும் இருந்திருக்கிறார்கள், அவ்வளவுதான்.

இதையெல்லாம் அம்மாவிடம் சொல்லவில்லை. “ரத்தம் ஓடுறது குழாய், சூடு குளிர் சொல்றது வேற, அது கறண்ட் வயர் மாதிரி. சீனி கூடினா நீளமான வயர்தான் முதல்ல பழுதாகும், அதுதான் கால்” என்றேன். யோசித்துவிட்டுச் சம்மதித்தார்.

அதற்குப் பிறகு வந்த கிளினிக்கில் தாதி முழங்கை மடிப்பைத் தட்டித் தட்டிப் பார்த்தார். “நரம்பு பிடிபடுதில்ல அம்மா, கையை நல்லாப் பொத்துங்க.”

“பாத்தியா மனே, அவவும் நரம்பெண்டுதான் சொல்றா” என்றார் அம்மா.

இப்போதெல்லாம் யார் நரம்பு என்றாலும், எங்கே என்று தொட்டுக் காட்டச் சொல்லிவிட்டுத்தான் மொழிபெயர்க்கிறேன்.